படத்தில் இல்லாத பக்கங்கள்

அந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தைத்து வரும் சட்டைகளைப் பார்த்து, எங்கே குறையோ அங்கே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது அவள் வேலை. அதனால் அம்பக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த மேலாளருக்கும் அவள் அம்பக்காதான். பத்தொன்பது வருஷமாக ஒரே மேஜை, தலைக்கு மேல் ஒரே டியூப்லைட். காலர், தோள், கை, பொத்தான் துளை, ஓரத் தையல் என்று கண் முன்னால் ஓடும், விரல் பின்னால் ஓடும். ஒரு சட்டைக்கு நாற்பது விநாடி. தையல் விட்டிருந்தால் அம்பு, எண்ணெய்க் கறை இருந்தால் அம்பு. யோசித்து ஒட்டுகிற கட்டமெல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று. பேருந்தில் முன்னால் நிற்கிறவரின் காலர் கோணலாக இருந்தால்கூட அவள் விரல் துறுதுறுக்கும்.

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு இரண்டாம் கல்யாணம். முதல் கல்யாணம் இரண்டு வருஷம்கூட ஓடவில்லை. ஒத்துவரவில்லை என்று சொல்லி அந்த வீட்டார் ஒரு பையோடு அவளைத் திருப்பி அனுப்பினார்கள். என்ன ஒத்துவரவில்லை என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. "நாங்க திருப்பி அனுப்புற சட்டைக்குக்கூட எங்க குறைன்னு ஒரு அம்பு ஒட்டுறோம். எனக்கு அதுகூட ஒட்டலையே" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பது அவள் மட்டும்தான். கேட்கிறவர்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்கள்.

இப்போதைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. குடி கிடையாது, சத்தம் கிடையாது. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது அலறினால், வெளியே நின்று அவர்களோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டே கதவைத் திறக்கிறவர். வீட்டிலும் அதே நிதானம்தான். அந்த நிதானம்தான் அம்பக்காவைப் பாடாய்ப் படுத்தியது. கோபப்படுகிற ஆளாக இருந்தால் எங்கே நிற்கிறோம் என்றாவது தெரியும். இவர் மனதில் என்ன இருக்கிறது என்று எட்டு மாதமாகியும் அவளுக்குப் பிடிபடவில்லை. தட்டில் சோறு மீந்தால்கூட, பிடிக்கவில்லையா, வயிறு சரியில்லையா, இல்லை நம்மையே பிடிக்கவில்லையா என்று அவள் மனசு அலையும்.

அவருடைய முதல் மனைவி இறந்து நாலு வருஷம். கூடத்து அலமாரியில் மேல்தட்டு முழுக்க அவளுக்குத்தான். ஒரு புகைப்படம், ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, ஒரு தடித்த புத்தகம். கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவர் சொல்லிவிட்டார்: "அந்தத் தட்டை மட்டும் நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தொடைக்கிறது வழக்கம்." தன்மையாகத்தான் சொன்னார். அம்பக்கா அதற்குப் பிறகு அந்தத் தட்டின் பக்கம் கையைக்கூடக் கொண்டுபோகவில்லை. அதன் கீழே நடக்கும்போது கொஞ்சம் ஒதுங்கியே நடப்பாள்.

இந்த நிலையில்தான் படம் வந்தது.

"ஞாயித்துக்கிழமை ஒரு படத்துக்குப் போகலாமா?" என்று அவரே கேட்டார். எட்டு மாதத்தில் முதல் தடவை. அம்பக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்ததிலேயே நல்லதை உடுத்திக்கொண்டு, அரை மணி நேரம் முன்னாலேயே செருப்பு மாட்டித் தயாராகிவிட்டாள். படத்தின் பெயர் 'நிழல் வரி'. மக்களிடம் நிழலை வரியாகப் பிடுங்கும் ஒரு ராஜ்ஜியம். நிழலைக் கொடுத்தவர்களை வீட்டார் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோவார்கள். தங்கையின் நிழலை மீட்க ஓர் ஓடக்காரி நிழல் கிடங்குக்குள் போகிறாள். பறக்கும் படகு, பேசும் மீன், இருட்டில் எரியும் ஆறு என்று திரை முழுக்க மாயம். அம்பக்கா வாயைப் பிளந்து பார்த்தாள். கடைசியில் தங்கையின் நிழலை வெளியே தள்ளிவிட்டு ஓடக்காரி உள்ளேயே நின்றுவிட, கிடங்கின் கதவு மூடிக்கொள்கிறது. அத்தோடு படம் முடிந்தது.

அவள் திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் அவர் அழுதுகொண்டிருந்தார். துடைக்கக்கூடத் தோன்றாமல் கண்ணீர் தாடைவரை வழிந்திருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஏசி காத்து."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரி முன்னால் போய் நின்றார். அப்போதுதான் அம்பக்கா அந்தத் தடித்த புத்தகத்தின் முதுகை முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தாள். 'நிழல் வரி' என்று போட்டிருந்தது. படத்துக்கு இரண்டு பேர் போகவில்லை, மூன்று பேர் போயிருக்கிறார்கள். இவள்தான் அது தெரியாமல் சீவிச் சிங்காரித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே குடைச்சல். அந்தப் புத்தகத்துக்குள் என்னதான் இருக்கிறது? ஒரு மனிதனை நாலு வருஷம் கழித்தும் அப்படி அழவைக்கிற அளவுக்கு அந்த அக்கா அதில் என்ன வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்? அது தெரிந்தால் இந்த வீட்டில் தன் இடம் எது என்று தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அவருக்கு வேலை முடிய மாலை ஆறரை ஆகும். அவளுக்கு முதல் ஷிப்ட், இரண்டரைக்கே வீடு. திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஸ்டூலைப் போட்டு ஏறி, புத்தகம் எவ்வளவு சாய்ந்து நின்றது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அதை எடுத்தாள். பட்டப்பகலில் சொந்த வீட்டில் திருடுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் முழுதாக ஒரு புத்தகம் படித்ததில்லை. முதல் நாள் பதினைந்து பக்கம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. ஆனால் கதை தெரிந்த கதையாயிற்றே! ஓடக்காரி வந்ததும் படத்தில் பார்த்த முகம் வந்தது, ஆறு வந்ததும் அந்த நெருப்பு வந்தது. தெரிந்த வீட்டுக்குள் நுழைகிற தைரியத்தில் உள்ளே போனால், படத்தில் காட்டாத அறைகள் திறந்துகொண்டே போயின. ஓடக்காரிக்கு ஒரு முன்கோபக்கார அத்தை இருந்தாள். பேசும் மீனுக்குப் பல்வலி இருந்தது. அம்பக்கா தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, வாசலில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாள்.

முதல் அம்பை அவள் வேண்டுமென்று ஒட்டவில்லை. இது சத்தியம். அத்தை வந்த இடத்தில், 'படத்தில் இது இல்லையே' என்று மனசு சொன்னது. பையில் கிடந்த ஸ்டிக்கர் சுருளிலிருந்து விரல் தானாக ஒன்றை உரித்து அந்த வரியின் ஓரத்தில் ஒட்டிவிட்டது. பத்தொன்பது வருஷப் பழக்கம். ஒட்டிய பிறகு திருதிருவென விழித்தாள். பிறகு, துணியிலிருந்து தடம் தெரியாமல் வருகிறதே, இதுவும் வந்துவிடும், கடைசியில் எல்லாவற்றையும் உரித்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? படத்தில் இல்லாத இடமெல்லாம் அம்பு. எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தட்டைத் துடைத்தார். அம்பக்கா அடுப்படியில் நின்றபடி, கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். புத்தகத்துக்குள் அப்போதே இருபது அம்புகள் இருந்தன. அவர் அட்டையைத் துடைத்தார், முதுகைத் துடைத்தார், திறக்காமல் அப்படியே வைத்துவிட்டார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ஏன் திறக்கவே இல்லை என்று ஒரு புதுக் குடைச்சல் சேர்ந்துகொண்டது.

இரண்டாம் வாரம்தான் நிழல் மடிப்பவள் வந்தாள். படத்தில் ஒரு நிமிஷம் கிடங்கின் மூலையில் தெரிந்த உருவம் அது, வசனம்கூடக் கிடையாது. புத்தகத்திலோ அவளுக்கென்றே பல அத்தியாயங்கள். வந்து சேர்கிற ஒவ்வொரு நிழலையும் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா, ஓரம் பிய்ந்திருக்கிறதா என்று பார்த்து, மடித்து அடுக்குவது அவள் வேலை. கிழிந்த நிழலானால் திருப்பி அனுப்ப வேண்டும். அம்பக்கா புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். தன் வேலையைச் செய்கிற ஒருத்தியை அவள் எந்தக் கதையிலும் பார்த்ததில்லை. ராணி உண்டு, திருடி உண்டு, சூனியக்காரி உண்டு. குறை பார்க்கிற செக்கர் எங்கே இருந்தாள்? மறுநாள் வேலையில் ஒரு சட்டையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

"என்ன அம்பக்கா, சட்டையோட பேசிட்டிருக்கீங்களா?" என்றார் மேலாளர்.

"அது பேசினா நீங்க தாங்க மாட்டீங்க சார்" என்றாள் அவள். மேஜையே சிரித்தது.

இன்னொன்றையும் அவள் கண் கவனித்தது. முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை தாள்களின் ஓரம் விரல் பட்டு மங்கியிருந்தது. அதற்கு மேல் அப்படியே புதுசு. ஒட்டிக்கொண்டிருந்த சில தாள்களை அவள்தான் முதல் தடவையாகப் பிரித்தாள். துணியானாலும் தாளானாலும் கை பட்டது, படாதது தெரியாமலா இருக்கும்? அந்த அக்கா அதற்கு மேல் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை புத்தகம் முடிந்தது. படம் முடிந்த இடத்துக்கு அப்புறமும் நூற்றைம்பது பக்கம் கதை இருந்தது. நிழல் மடிப்பவள் எல்லாருடைய நிழலையும் மடித்து வைத்துவிட்டு, கடைசியில் ஓடக்காரியின் நிழலை மட்டும் மடிக்க மறுக்கிறாள். கிடங்கின் கதவைத் திறந்து அவளை வெளியே அனுப்பிவிடுகிறாள். அம்பக்கா அழுதாள். சந்தோஷ அழுகைதான். மணி ஐந்தே கால். ஒரு மணி நேரம் தாராளமாக இருந்தது, அம்புகளை உரிக்க உட்கார்ந்தாள்.

முதல் மூன்று நன்றாகவே வந்தன. நான்காவது, எழுத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தது.

அவள் அந்த ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தாள். பசையில் தலைகீழாக ஒன்றரை வார்த்தை ஒட்டிக்கொண்டிருந்தது. தாளில் அந்த இடம் வெள்ளையாக, மயிர் கிளம்பி நின்றது. ஆற்றின் மேல் மழை பெய்கிற ஒரு வரி. மழைதான் போயிருந்தது. ஐந்தாவதைத் தொட்டாள், அதுவும் எழுத்தோடு வரப் பார்த்தது. விட்டுவிட்டாள். துணி விட்டுக்கொடுக்கும். பழைய தாள் கொடுக்காது என்று அவளுக்கு யார் சொல்வது? இன்னும் நாற்பத்தோரு அம்புகள் உள்ளே இருந்தன. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

பயத்தில் மனிதர்களுக்கு வருகிற யோசனை எல்லாம் அரைகுறை யோசனைதான். புத்தகத்தைத் தன் வேலைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இதே போல் புதிதாக ஒன்று வாங்கித் தட்டில் வைத்துவிடலாம், முதல் பக்கத்தில் அக்கா கையெழுத்து இருக்கிற அந்தத் தாளை மட்டும் மாற்றி ஒட்டிவிடலாம். தொழிற்சாலையில் சட்டைக் கை பாழானால் வேறு கை வைத்துத் தைத்து அனுப்புவதில்லையா? சனிக்கிழமை வேலை முடிந்ததும் புத்தகக் கடைக்கு ஓடினாள்.

கடை வாசலிலேயே 'நிழல் வரி' மலையாகக் குவிந்திருந்தது. எல்லா அட்டையிலும் படத்தின் கதாநாயகி முகம்.

"பழைய அட்டை போட்டது இல்லீங்களா? பச்சையா, ஒரு படகு மட்டும் இருக்குமே."

"படம் வந்தப்புறம் எல்லாம் இதுதாம்மா" என்றார் கடைக்காரர். "எழுத்தைப் பெருசாக்கி, பக்கமெல்லாம் புதுசா அடிச்சிருக்காங்க. கண்ணுக்கு எதமா இருக்கும்."

அட்டையும் வேறு, பக்கமும் வேறு. முதல் பக்கத்தை மாற்றினாலும் மிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் அவள் ஒன்றை வாங்கினாள். அந்த நிழல் மடிப்பவளைக் கடையிலேயே விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் துணியை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனார். அம்பக்காவுக்கு நெருப்பின் மேல் நிற்பது போல இருந்தது.

"இங்க இருந்த புத்தகம் எங்க?"

தொடைக்க எடுத்தேன் என்று சொல்லலாம் என்றுதான் இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். வாய் திறந்ததும் வேறு வந்தது.

"நான்தாங்க எடுத்தேன். படிச்சேன். ரெண்டு வாரமா. கெடுத்துட்டேன்."

பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து புரட்டினார். சிவப்பு அம்பு, சிவப்பு அம்பு, சிவப்பு அம்பு. முகத்தில் இரத்தம் ஏறியது. எட்டு மாதத்தில் அவள் பார்க்காத முகம்.

"என்ன இது? எங்கெங்க குறைன்னு ஒட்டி வச்சிருக்கியா? அவ புத்தகத்துல குறை கண்டுபிடிக்க நீ யாரு?"

"குறை இல்லீங்க. படத்துல விட்டுப்போனது. கை தானா ஒட்டிருச்சு. உரிச்சா வந்துரும்னு நெனச்சேன், எழுத்தும் சேந்து வந்துருச்சு. பக்கம் நாப்பது."

பக்க எண்ணைக்கூட மறைக்காமல் சொல்கிறாளே, அசடு. அவர் அந்தப் பக்கத்தை எடுத்து, பிய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். புத்தகத்தை மூடினார். எழுந்து பால்கனிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அம்பக்கா சுவரோடு சுவராக நின்றாள். அவள் கண் தன்னையறியாமல் பரண்மேல் போயிற்று, தான் கொண்டுவந்த பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடியது. இந்தத் தடவை காரணமாவது தெரிந்து போகிறோம் என்று ஓர் அல்ப ஆறுதல்கூட வந்தது அவளுக்கு.

தாங்க முடியாமல் அவளே பேசினாள்.

"ஒண்ணு கேக்கலாமா? அக்கா இதை முடிக்கலைங்களே?"

அவர் சட்டென்று திரும்பினார். "யார் சொன்னா?"

"தாள் சொல்லுது. முந்நூத்திப் பன்னெண்டுக்கு மேல யார் கையும் படல."

அவர் வந்து உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு கொஞ்சம் சுருங்கினாற்போல் இருந்தது. "ஆஸ்பத்திரில வச்சிப் படிச்சா. கடைசில கண்ணு தெரியாமப் போச்சு. மிச்சத்தை நீங்க படிச்சுக் காட்டுங்கன்னு கேட்டா. நாளைக்கு, நாளைக்குன்னேன். எனக்கு இந்த மாயம் மந்திரமெல்லாம் பிடிக்காது. சினிமாவா எடுக்கறாங்களாம், வரட்டும், கூட்டிட்டுப் போறேன்னேன்." குரல் உடைந்தது. "அதான் போனேன். முடிவு என்னன்னாவது பாத்துட்டு வருவோம்னு. கடைசில அந்தப் பொண்ணை உள்ள வச்சுக் கதவை மூடிட்டாங்க. நல்லவேளை, அவ இதைப் பாக்கலைன்னு நெனச்சேன்."

அம்பக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இரண்டு வாரமாகத் தான் பயந்தது ஒன்று, இங்கே இருந்தது வேறொன்று.

"அவ வெளிய வந்துடுவா" என்றாள்.

"யாரு?"

"ஓடக்காரி. புத்தகத்துல வெளிய வந்துடுவா. கதவைத் தொறந்துவிட ஒருத்தி இருக்கா. படத்துல அவ கதையையே வெட்டிட்டாங்க. அப்புறம் யார் தொறப்பா? அதான் அவங்களுக்கு மூடுறதைத் தவிர வேற வழியில்லாமப் போச்சு."

"நெஜமாவா?"

"நூத்தம்பது பக்கம் இருக்குங்க அதுக்கப்புறம். நான் படிச்சேனே!"

அவர் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அவள் பக்கத்தில் போகலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். பிறகு எழுந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பச்சை அட்டைப் புத்தகத்தை அம்புகளோடு அப்படியே மேல்தட்டில் வைத்தார். அவள் வேலைப் பை திறந்து கிடந்தது. உள்ளே கதாநாயகியின் முகம் எட்டிப் பார்த்தது.

"அது என்ன?"

அம்பக்கா மென்று முழுங்கினாள். "புதுசு. மாத்தி வச்சிரலாம்னு வாங்கினேன். அட்டை வேறயா இருக்குன்னு..."

அவருக்குச் சிரிப்பு வருவது போல இருந்தது, வரவில்லை.

"படிக்கிறேங்க" என்றாள் அவள் அவசரமாக. "அக்கா விட்ட எடத்துலேருந்து நான் படிச்சுக் காட்டறேன். பன்னெண்டாம் பக்கம்... முந்நூத்திப் பன்னெண்டு. புதுசுல அது எங்க வருதுன்னு தேடிடறேன்."

"வேணாம்."

அவள் புத்தகத்தைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

"அது அவ படிச்சது" என்றார் அவர். "அது அங்கயே இருக்கட்டும். நீ மொதல் பக்கத்துலேருந்து படி. எனக்குக் கதையே தெரியாது."

அவள் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு மூன்று தாள் சேர்ந்து புரண்டது. முதல் வரியைப் பாதி படித்து, வார்த்தையை விழுங்கி, மறுபடி ஆரம்பித்து, வேகமாகப் படித்து முடித்துவிடப் பார்த்தாள்.

"எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்றார் அவர். "நீ எங்க போகப் போற?"

அம்பக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சாதாரணமாகத்தான் கேட்டிருந்தார், நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு. அவள் முதல் வரியை மறுபடி மெதுவாகப் படிக்கத் தொடங்கினாள்.